துளையை விடுங்கள், எடையைப் பாருங்கள்: எஸ்யூவிக்கு பிரேக் டிஸ்க் வாங்கும் முறை

காரைக்குடிப் பக்கம் என் ஒர்க்ஷாப்புக்கு வரும் எஸ்யூவிகளைப் பெரும்பாலும் இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வண்டி மட்டும் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் வீடுகளின் ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்பது ஒரு வகை. கல்யாணம், படைப்பு என்று ஊருக்கு வந்தால் ஒரு வாரம் ஓயாமல் ஓடும். வாடகை வண்டிகள் இன்னொரு வகை. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, பழநி, கொடைக்கானல் என்று ஏழு பேரையும் கேரியர் நிறைய சாமானையும் ஏற்றிக்கொண்டு தினமும் ஓடும். முதல் வகையில் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் இரும்புத் தட்டு, துருவால் கெடுகிறது, இரண்டாவதில் சூட்டால் கெடுகிறது. கடையில் இரண்டு பேருக்கும் ஒரே பெட்டியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதனால் எதை வாங்குவது என்ற முடிவோடுதான் நீங்கள் கடைக்குப் போக வேண்டும்.

முதலில், டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன் டிஸ்க். ஸ்டீயரிங் அசையாமல் பெடலும் சீட்டும் மட்டும் அதிர்ந்தால் பின் பக்கத்தைச் சந்தேகியுங்கள். நம் ஊரில் ஓடும் எஸ்யூவிகளில் பலவற்றுக்குப் பின்னால் டிஸ்க்குக்குப் பதில் இன்னும் உருளை வடிவ டிரம் பிரேக்தான், டிரம் வட்டம் கெட்டாலும் இதே அதிர்வு வரும். ஆளில்லாத ரோட்டில் 30, 40 கி.மீ. வேகத்தில் போய், ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுத்துப் பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் குறை பின்னால். செம்மண் பாதையிலோ ஜல்லியிலோ அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது பெடல் படபடவென்று காலைத் தட்டுவது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்வதால் வருவது. அதற்காக டிஸ்க் மாற்ற வேண்டாம்.

‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று சொல்லித்தான் பலர் வண்டியைக் கொண்டுவருகிறார்கள். இரும்பு உண்மையிலேயே வளைவது அபூர்வம். அநேகமாக நடப்பது வேறு. டிஸ்க் உட்காரும் ஹப்பின் (சக்கரத்தை மாட்டும் நடுப்பாகம்) முகத்தில் துருவோ மண்ணோ இருந்தால் டிஸ்க் ஒரு மயிரிழை சாய்ந்து சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடில் உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்துவிடும். தடிமனில் 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தாலே காலுக்குத் தெரியும். ஹப்பைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க் போட்டால் அதுவும் அதே கதிக்குத்தான் போகும். எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் இதில் மாற்றமில்லை.

டிஸ்க்கின் தடிமனை அளக்க மைக்ரோமீட்டர் (திருகு அளவி) வேண்டும். தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் தேயாத விளிம்பு ஒன்று மேடாக நிற்கும். வெர்னியர் அளவியைப் போட்டால் அது அந்த மேட்டில் உட்கார்ந்து அதிகமாகக் காட்டும். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, சுற்றி எட்டு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ ‘மின்’ என்று ஆங்கிலத்தில் போட்டு ஓர் எண் பொறித்திருக்கும். அதுதான் குறைந்தபட்சத் தடிமன். புதிதில் 28 மி.மீ. இருக்கும் டிஸ்க்குக்கு 26 என்று இருக்கலாம். பெரிய வண்டியின் டிஸ்க்குக்கே கரைய உரிமை உள்ளது அந்த இரண்டு மில்லிமீட்டர்தான், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. எட்டில் ஓர் அளவு அந்த எண்ணுக்குக் கீழே போனாலும் மாற்றிவிடுங்கள். எண்ணை நெருங்கிவிட்ட டிஸ்க்கை லேத்தில் கொடுத்து ஃபேஸ் அடித்து (முகத்தைச் சீவி) வாங்குவது வீண் செலவு. சீவிய பிறகு அது வரம்புக்குக் கீழே போய்விடும்.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டார்: “வண்டி ஓடவே இல்லையே தம்பி, டிஸ்க் மட்டும் எப்படிப் போச்சு?” ஓடாததுதான் காரணம் ஆச்சி என்றேன். மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியில், பேட் மூடியிருந்த இடம் ஒரு மாதிரியும் திறந்திருந்த இடம் வேறு மாதிரியும் துருப்பிடிக்கும். மேலோட்டமான துரு நாலைந்து பிரேக்கில் உரசிப் போய்விடும், அதற்குப் பயப்பட வேண்டாம். பேட் அச்சு கறுப்பாகப் பதிந்து, நகத்தால் தடவினால் குழி தட்டுகிறது என்றால் அது போகாது. தடிமன் நிறைய மிச்சமிருந்தால் லேத்தில் லேசாகச் சீவலாம், இல்லையென்றால் புதிதுதான். டிஸ்க்கின் உள்பக்க முகத்தையும் பாருங்கள். வீல் இடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பவர்கள் வெளிமுகம் பளபளப்பாக இருப்பதைக் கண்டு திருப்தியாகிவிடுகிறார்கள். பேடை அழுத்தும் காலிப்பரின் வழுக்கு ஊசி (‘பின்’) இறுகிப்போன வண்டிகளில் உள்முகம்தான் முதலில் நாசமாகும்.

சரி, மாற்றுவது என்று முடிவானால் எந்த டிஸ்க்? இதற்குச் சூட்டின் கணக்கு கொஞ்சம் தெரிந்தால் நல்லது. சாமானோடு இரண்டு டன் வரும் வண்டியை 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரே மூச்சில் நிறுத்தினால், அதில் பிறக்கும் சூடு சுமார் 770 கிலோஜூல். இரண்டரை லிட்டர் டீத் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அதில் பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டின் தலையில்தான் விழும். ஆளுக்கு எட்டுக் கிலோ என்று வைத்தால், அந்த ஒரே பிரேக்கில் டிஸ்க்கின் சூடு 70 டிகிரி ஏறிவிடும். டிஸ்க் ஆறுக் கிலோதான் என்றால் 90 டிகிரிக்கு மேல் ஏறும். சூட்டைத் தாங்குவது இரும்பின் எடை, ஆற்றுவது நடுவில் உள்ள காற்று வழி. இதை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

அதனால் நான் ஒரு காரியம் விடாமல் செய்வேன். கழற்றிய பழைய டிஸ்க்கைத் தராசில் வைப்பேன், பிறகு பெட்டியிலிருந்து எடுத்த புதியதை வைப்பேன். புதியதுதான் கனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பழையது தேய்ந்தது. தேய்ந்ததை விடப் புதியது எடை குறைந்தால், உள்ளே இரும்பை மிச்சம் பிடித்து காற்று வழியை அகலமாக்கி வார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளியளவு எல்லாம் சரியாகவே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தராசு இல்லாத ஒர்க்ஷாப் என்றால் பக்கத்து மளிகைக் கடையில் கேட்டு நிறுத்துக்கொள்ளலாம், இதில் கூச்சம் எதற்கு? அப்புறம், டிஸ்க்கை ஓரமாகத் திருப்பி நிறுத்தி, காற்று வழிக்கு இருபுறமும் உள்ள இரண்டு தட்டுகளையும் பாருங்கள். ஒன்று தடியாகவும் ஒன்று மெலிந்தும் இருந்தால் வார்ப்பின்போது அச்சு நகர்ந்திருக்கிறது. அப்படிப்பட்டது சூடேறும்போது ஒரு பக்கமாக விரியும். ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் சிறிதாகச் சீவியிருந்தால் பயப்படாதீர்கள், அது எடையைச் சமன் செய்ய எடுத்தது.

துளை போட்ட டிஸ்க், வரி வெட்டிய டிஸ்க் என்று இணையத்தில் படம் பார்த்துவிட்டு இளவட்டங்கள் கேட்டு வருகிறார்கள். ரோட்டில் ஓடும் கனமான வண்டிக்குத் துளை போட்டதை நான் சிபாரிசு செய்வதில்லை. துளை போட்ட அளவுக்கு இரும்பு குறைகிறது, சூடேறி ஆறும்போது துளையின் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்புகிறது. வரி வெட்டியது பரவாயில்லை. தண்ணீரையும் பேட் தூளையும் வழித்துத் தள்ளும், ஆனால் பேடைச் சீக்கிரம் தின்னும், கொஞ்சம் சத்தமும் வரும். வெற்று முகமும் நடுவில் காற்று வழியும் உள்ள, வண்டிக்கு உரிய அளவு டிஸ்க்தான் நம் ஊருக்கும் கொடைக்கானலுக்கும் சரி.

ஷெட்டில் நிற்கும் வண்டிக்காரர்கள் பூச்சு உள்ள டிஸ்க் கேட்டு வாங்குங்கள். சாம்பல் நிறத்தில் துத்தநாக-அலுமினியப் பூச்சு கிண்ணத்திலும் காற்று வழியிலும் இருக்கும். பேட் உரசும் முகத்தில் அது முதல் நாளே போய்விடும், மற்ற இடங்களில் நிலைத்து நின்று ஹப்போடு துருப்பிடித்து ஒட்டாமல் காக்கும். அடுத்த முறை சுத்தியலால் அடித்துக் கழற்ற வேண்டியிருக்காது. வாடகை வண்டிக்காரர்களுக்கு என் யோசனை, கிடைத்தால் கார்பன் அதிகமுள்ள இரும்பில் வார்த்தது. சூட்டு விரிசலைக் கூடுதலாகத் தாங்கும், கிறீச்சும் குறையும். விலை சற்று அதிகம்தான், ஆனால் தினமும் மலை ஏறி இறங்குபவருக்கு அந்தக் காசு பலனுள்ள காசு.

எந்தப் பெயர் வாங்குவது? வண்டிக் கம்பெனியின் சொந்தப் பெட்டி முதல் தேர்வு. அது கிடைக்காவிட்டாலோ கட்டுப்படியாகாவிட்டாலோ பாஷ், பிரெம்போ, டிஆர்டபிள்யூ போல பிரேக் பாகங்கள் தயாரிக்கும் கம்பெனிகளின் பொருள். பேடுக்கு நம் சென்னையிலேயே நல்ல பெயர்கள் உண்டு. ரானே இருக்கிறது, பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியா இருக்கிறது. பெயரைவிட முக்கியம், பெட்டியில் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரும் டிஸ்க்கில் பொறித்திருக்கும் பார்ட் நம்பரும் ஒன்றா என்பது. குறைந்தபட்சத் தடிமன் எங்கும் பொறிக்காத டிஸ்க்கை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். மதுரையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று ஒருவர் வாங்கிவந்த ஜோடியில் அந்த எண்ணே இல்லை. தராசில் வைத்தால் கழற்றிய பழைய டிஸ்க்கைவிட இரண்டுமே லேசு. நான் மாட்ட மறுத்துவிட்டேன்.

ஒரே பெயருள்ள வண்டியிலேயே வருடத்துக்கு வருடம், மாடலுக்கு மாடல் டிஸ்க் மாறும். ‘ஸ்கார்பியோவுக்கு முன் டிஸ்க்’ என்று கேட்டால் போதாது. ஆர்சி புக்கைக் கொண்டுபோய் சேஸிஸ் நம்பரைக் காட்டுங்கள். வெளி விட்டம், தடிமன், கிண்ணத்தின் உயரம், நடுத்துளை, போல்ட் எண்ணிக்கை ஐந்தும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். கிண்ண உயரம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலே டிஸ்க் காலிப்பருக்கு நடுவில் ஓடாது. சில டிஸ்க்குகளில் காற்று வழி வளைந்திருக்கும், அவற்றில் இடது வலது என்று தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் காற்று சரியாக இழுக்காது. ஏணி போன்ற அடிச்சட்டத்தின் மேல் கட்டிய பழைய வண்டிகள் சிலவற்றில் டிஸ்க் ஹப்புக்குப் பின்னால் போல்ட் போட்டு இருக்கும். ஹப்பையே கழற்ற வேண்டும், புது ஆயில் சீலும் கிரீஸும் அந்தச் செலவில் சேரும். முதலிலேயே கேட்டுவிட்டால் நடுவில் மனஸ்தாபம் வராது.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடவே கூடாது. இரண்டும் சேர்த்துத்தான், பேடும் புதிதாகத்தான். பழைய டிஸ்க்கின் வரிகளுக்கு ஏற்பத் தேய்ந்த பேடைப் புது டிஸ்க்கில் போட்டால் பாதி முகம்தான் பிடிக்கும்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஹப் முகத்தை வயர் பிரஷாலும் உப்புத்தாளாலும் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும், ஸ்டட் (வீல் நட் ஏறும் போல்ட்) அடிவாரம் உட்பட. புது டிஸ்க்கில் துருவுக்காகத் தடவிய எண்ணெயை பிரேக் கிளீனரால் இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும். டிஸ்க்கை வீல் நட் போட்டு இறுக்கி, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் ஆட்டம் தெரியும். பெரும்பாலான கம்பெனிகள் 0.05 மி.மீ. ஒட்டியே வரம்பு வைத்திருக்கின்றன. கூடுதலாகக் காட்டினால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டிப் பார்க்கலாம், பல சமயம் அதிலேயே சரியாகிவிடும். காலிப்பர் பின்கள் கையால் தள்ளினால் வழுக்கி ஓட வேண்டும். கடைசியில் வீல் நட்டை ஏர் கன் வைத்து ‘டர்ர்’ என்று முறுக்க விடாதீர்கள். எதிரெதிர் நட்டாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு. தாறுமாறாக இறுக்கிய நட்டும் டிஸ்க்கைச் சாய்க்கும்.

பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தர ஆயில் புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்குவது சுமார் 1,800 மீட்டர். முழுவதையும் பிரேக்கிலேயே இறக்கினால் 100 கி.மீ. வேகத்திலிருந்து 45 தடவை நிறுத்துவதற்குச் சமம். எவ்வளவு நல்ல டிஸ்க்காக இருந்தாலும் இரண்டாம், மூன்றாம் கியரில் இன்ஜின் பிடியில்தான் இறங்க வேண்டும்.

புது டிஸ்க் போட்டதும் காரைக்குடியிலிருந்து திருமயம் பக்கம் காலியான ரோட்டில் போய், 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறையுங்கள். முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுங்கள். நடுவில் ஆற விட்டு பத்துத் தடவை. பிறகு பிரேக் தொடாமல் ஐந்து நிமிடம் ஓட்டி ஆற்றுங்கள். இதில் பேடின் மெல்லிய படலம் டிஸ்க் முழுவதும் சமமாகப் படியும். டிஸ்க் கொதிக்கும்போது பெடலை மிதித்துக்கொண்டு நின்றால் பேட் அச்சு ஒரே இடத்தில் ஒட்டி, புது டிஸ்க்கிலேயே அதிர்வு ஆரம்பித்துவிடும். முதல் 300 கி.மீ. அவசரம் வந்தாலன்றி அழுத்திப் பிடிக்க வேண்டாம். 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டை ஒரு முறை டார்க் ரெஞ்சில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும் முன் வண்டியைக் கழுவி நேராக ஷெட்டில் விடும் பழக்கம் இங்கே நிறைய உண்டு. கழுவியபின் இரண்டு தெரு சுற்றி நாலு தடவை பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காயவைத்துவிட்டு விடுங்கள். ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவி கொடுத்து, மாதம் இரண்டு முறை காரைக்குடி வரை ஓட்டி வரச் சொல்லுங்கள்.