ஒப்பந்தத்தை நிரலாக எழுதும் முன் பார்க்க வேண்டியவை

நிபந்தனை நிறைவேறியதும் தானே செயல்படும்படி கணினி நிரலாக எழுதப்படும் ஸ்மார்ட் ஒப்பந்தம் என்ற கருத்தை 1990களில் முன்வைத்த நிக் சாபோ, காசு போட்டால் பொருள் தரும் தானியங்கி இயந்திரத்தை அதற்கு உவமையாகக் காட்டினார். அந்த உவமையையே முதல் அளவுகோலாகக் கொள்ளுங்கள். கையிலுள்ள ஒப்பந்தத்தைப் பிரிவு பிரிவாகப் படித்து, எவற்றை ஓர் இயந்திரம் யாரையும் கேட்காமல் நிறைவேற்ற முடியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். "30 நாட்களுக்குள் தொகை வந்து சேராவிட்டால் வட்டி கூட்டப்படும்" என்பதை நிரலாக்கலாம். "நியாயமான காலத்துக்குள்", "இயன்ற முயற்சி அனைத்தையும் மேற்கொண்டு" என்பவற்றை ஆக்க முடியாது. வருவதையெல்லாம் முன்கூட்டியே அறிய இயலாது என்பதால் வரைவாளர்கள் வேண்டுமென்றே திறந்து வைக்கும் இடங்கள் அவை. நிரலுக்காக அவற்றை இறுக்கி எழுதினால் ஒப்பந்தத்தின் பொருளே மாறிவிடும்.

அடுத்து, நிரலுக்குத் தகவல் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். இத்தகைய நிரல்கள் பெரும்பாலும் பிளாக்செயினில் இயங்குகின்றன; பல கணினிகளில் ஒரே நேரத்தில் சங்கிலித் தொடராகச் சேமிக்கப்படும், எளிதில் மாற்ற முடியாத பதிவேடு அது. சரக்கு வந்து சேர்ந்ததா, மழை பெய்ததா என்பதை பிளாக்செயின் தானாக அறியாது. ஆரக்கிள் எனப்படும் வெளித் தகவல் வழி தவறான செய்தி தந்தாலும் பணம் கைமாறிவிடும். ஆகவே அந்த வழியை நடத்துபவர் யார், பிழைக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பவை எழுத்து வடிவ ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

பிழையைத் திருத்தும் வழியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2016 ஜூன் மாதம், ஈதீரியம் என்ற பிளாக்செயின் வலையமைப்பில் இயங்கிய 'தி டாவ்' என்ற கூட்டு முதலீட்டு நிதியிலிருந்து ஏறத்தாழ 36 லட்சம் ஈதர் (அந்த வலையமைப்பின் மின்னணு நாணயம்) வெளியேற்றப்பட்டது. கணக்கிலுள்ள இருப்பைக் குறைக்கும் முன்பே பணத்தை அனுப்பும்படி நிரல் எழுதப்பட்டிருந்ததால், ஒரே தொகையை மீண்டும் மீண்டும் எடுக்க முடிந்தது. அதை மீட்க அடுத்த மாதம் வலையமைப்பின் விதிகளையே மாற்ற வேண்டியிருந்தது. உடன்படாதவர்கள் பழைய சங்கிலியை ஈதீரியம் கிளாசிக் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். உங்கள் ஒப்பந்தத்துக்காக யாரும் வலையமைப்பை மாற்றப் போவதில்லை. எனவே நிரலை நிறுத்தி வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

நீதிமன்றம் இதை ஏற்குமா என்ற அச்சம் ஓரளவு தணிந்துள்ளது. இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் சட்ட ஆணையம், ஸ்மார்ட் ஒப்பந்தங்களுக்கு நடப்பிலுள்ள சட்டமே போதும் என்று 2021இல் கூறியது. தானியங்கி நிரல்கள் தமக்குள் செய்துகொண்ட வணிகம் பற்றிய ஒரு வழக்கில், நிரலை எழுதியவர் அப்போது என்ன அறிந்திருந்தார் என்பதையே முதன்மையாகப் பார்க்க வேண்டும் என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. ஆகையால் நிரல் எழுதியபோது நடந்த கடிதப் போக்குவரத்தையும் சோதனைப் பதிவுகளையும் பாதுகாத்து வையுங்கள். எழுத்தும் நிரலும் முரண்பட்டால் எது மேலோங்கும் என்ற பிரிவையும் தவறாமல் சேர்த்துவிடுங்கள்.

பிளாக்செயினால் சட்டத்துறைக்கு இதுவரை கிடைத்த உறுதியான பயன், என் மதிப்பீட்டில், ஒப்பந்த நிறைவேற்றத்தைவிடச் சான்றளிப்பில்தான் அதிகம். சீனாவின் ஹாங்சோ இணைய நீதிமன்றம் 2018இல் ஒரு பதிப்புரிமை வழக்கில் பிளாக்செயினில் பதிந்த இணையப் பக்கத்தைச் சான்றாக ஏற்றது. ஆனால் அதைப் பதிவு செய்தவர் நடுநிலையானவரா, எடுத்த முறை நம்பத்தக்கதா என்று ஆராய்ந்த பிறகே ஏற்றது. ஓர் ஆவணம் குறிப்பிட்ட நாளில் இதே வடிவில் இருந்தது என்பதைத்தான் சங்கிலி காட்டும்; அதிலுள்ளது உண்மை என்று காட்டாது.

இதற்காக முழு ஆவணத்தையும் ஏற்றாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 17ஆம் பிரிவு, தம் தரவை அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது; சங்கிலியில் ஏறியதை அழிப்பதோ மிகக் கடினம். ஆவணத்தின் ஹாஷ் மதிப்பை (அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் குறுகிய அடையாளக் குறியீடு) மட்டும் பதிந்து, மூலக் கோப்பைத் திறந்து மறுபடி சேமிக்காமல் அப்படியே வையுங்கள். ஒரு காற்புள்ளி மாறினாலும் ஹாஷ் பொருந்தாது. பிறகு சங்கிலியிலுள்ள பதிவு எந்த ஆவணத்துக்குரியது என்று நிறுவ வழியிருக்காது.