அண்ணாச்சி ஏன் எடைக்கு மேல் ஒரு கை போடுகிறார்: நாவல் பாத்திரத்தை ஃப்ராய்டோடு படிக்க

நாவலில் வருகிற ஒரு ஆளை உளப்பகுப்பாய்வு வழியாக, அதாவது அவருக்கே தெரியாமல் மனசுக்குள் ஓடுவதைத் தேடுகிற முறையில், படிக்க வேண்டுமென்றால், முதலில் அந்த முறையைத் தொடங்கிய வியன்னா மருத்துவர் ஃப்ராய்டை மூடி வைத்துவிடுங்கள். இட் (அடங்காத ஆசை), ஈகோ (நடைமுறை பார்க்கிற 'நான்'), சூப்பர் ஈகோ (கண்டிக்கிற மனசாட்சி) என்று மூன்று பெட்டி செய்து, இவன் ஆசை, இவள் மனசாட்சி என்று ஆளுக்கொரு பெட்டியில் போடுகிற கட்டுரைகளை நிறையப் பார்த்துவிட்டேன். 1923இல் அவர் அந்த மூன்றையும் சேர்த்து எழுதியது ஒரே மனசுக்குள் நடக்கிற இழுபறியைச் சொல்லத்தான்.

பென்சிலோடு உட்காருங்கள். அந்த ஆள் தேவைக்கு மேல் எதைச் செய்கிறார், ஊரே பேசுகிற எதைப் பேசாமல் விடுகிறார், எங்கே வாய் தவறுகிறது, என்ன கனவு வருகிறது, இந்த இடங்களில் கோடு போட்டுப் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும், விளக்கம் அப்புறம்.

உதாரணத்துக்கு நானே ஒரு பாத்திரத்தைச் செய்துகொள்கிறேன். திருநெல்வேலி டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. யார் துவரம்பருப்பு கேட்டாலும், தராசு முள் நேராக நின்ற பிறகு இன்னும் ஒரு கை அள்ளிப் போடுவார். தெருவே அவரைத் தர்மவான் என்கிறது. ஆனால் கடைப்பையன் ஒரு பொட்டலத்தைச் சிந்திவிட்டால், "ஏல, எவன் வீட்டு முதல்னு நெனச்ச?" என்று கை ஓங்கிவிடுவார். ஒரு நாள் அந்தப் பையனைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, சட்டென்று பேச்சை நிறுத்தி, ஏற்கெனவே எண்ணிய கல்லாவைத் திரும்ப எண்ணுகிறார். நாற்பது பக்கம் தள்ளித்தான் நமக்குத் தெரிகிறது: தாமிரபரணிப் பாசனத்தில் தம்பி பங்காக இருந்த மூன்று மரக்கால் விதைப்பாட்டு வயலை இவர் எழுதி வாங்கிக்கொண்டார், தம்பி பம்பாய்க்குப் போனவன் திரும்பவில்லை.

இப்போது ஃப்ராய்டைத் திறக்கலாம். பையனைத் தம்பி பெயரில் கூப்பிட்டது வாய்தவறல். இதையெல்லாம் 1901இல் அன்றாட வாழ்க்கையின் உளநோய்க்கூறுகள் பற்றிய நூலில் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். தன்மேல் இருக்கிற கோபத்தைப் பையன்மேல் இறக்குவது இடமாற்றம். அந்த ஒரு கைப் பருப்பு? செய்த காரியத்தை இன்னொரு காரியத்தால் இல்லையென்று ஆக்கப் பார்ப்பது, 1926இல் அவர் விவரித்த, மனசு தன்னைக் காத்துக்கொள்கிற தற்காப்பு உத்தி. (ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்டு 1936இல் இந்த உத்திகளை ஒன்றுசேர்த்து எழுதிய புத்தகம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் நல்லது.) அண்ணாச்சி மனமறிந்து நடிக்கவில்லை, அவருக்கே தெரியாது, அதனால்தான் தினமும் போட வேண்டியிருக்கிறது.

சூப்பர் ஈகோவைத் தேடும்போது குரலைத் தேடுங்கள். அது பெற்றவர்களின் குரலிலிருந்து உருவாகிறது என்பது ஃப்ராய்டின் கருத்து. "எவன் வீட்டு முதல்" என்ற வார்த்தையை 12ஆம் பக்கத்தில் அண்ணாச்சியின் அப்பா இவரைப் பார்த்துச் சொல்லியிருந்தால், அடிக்கிற கை யாருடையது என்று பிடிபட்டுவிடும். எங்கள் பக்கத்துக் கதைகளில் அந்தக் குரலோடு திண்ணையும் சேர்ந்துகொள்ளும், "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்று ஆச்சிகள் சொல்வதையும் கணக்கில் எடுங்கள்.

அம்மாமேல் பற்று, அப்பாவோடு போட்டி என்று ஃப்ராய்டு சொன்ன ஈடிபஸ் சிக்கலை மட்டும் அவசரப்பட்டு ஒட்டாதீர்கள். 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், இந்த விஷயத்தில் தன் கருத்து வேறுபடுகிறது என்று ஃப்ராய்டுக்கே கடிதம் எழுதியவர். கூட்டுக்குடும்பத்தில் பெரியப்பாவும் தாய்மாமாவும் அடித்து வளர்த்த பையனுக்கு, வியன்னா வீட்டு அளவில் தைத்த சட்டையை அப்படியே மாட்டினால் எங்கேயாவது கிழியத்தான் செய்யும்.

எழுதியவருக்கு இந்தக் கோட்பாடு தெரியுமா என்று கவலைப்பட வேண்டாம். 1907இல் ஃப்ராய்டு, யென்சன் என்பவரின் 'கிராடிவா' கதாநாயகன் கண்ட கனவுகளை ஆராய்ந்தார். யென்சனைக் கேட்டபோது, தனக்கு அந்தக் கோட்பாடெல்லாம் தெரியாது என்றுதான் பதில் வந்தது.

ஆனால் நாவலில் இல்லாத பால்யத்தை நீங்கள் எழுதிச் சேர்க்கக் கூடாது, இதில் நான் கறார். ஃப்ராய்டு தன் நோயாளிகளைச் செய்ததுபோல் சோபாவில் படுக்கவைத்துக் கேள்வி கேட்க அண்ணாச்சி வரமாட்டார், பக்கங்கள்தான் இருக்கின்றன. அதனால் கடைசி அத்தியாயத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள். தம்பி மகன் கடை வாசலில் வந்து நின்று கால் கிலோ பருப்பு கேட்கிறான் என்றால், உங்கள் வாசிப்பு சரியாக இருக்கும் பட்சத்தில் அந்தக் கை அங்கேதான் தடுமாற வேண்டும். தடுமாறாமல் வழக்கம்போல் அள்ளிப் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தால், எழுதிய குறிப்பை அடித்துவிட்டு 12ஆம் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.