நிறத்தை நம்பாமல் இனம் பிரித்தல்: நீலகிரியின் ஓணான்களும் பச்சோந்திகளும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்கு ஏறும்போது நாம் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்திலிருந்து 2,240 மீட்டர் வரை செல்கிறோம். அதற்குள் வேலியிலும் புதரிலும் அடிமரத்திலும் உட்கார்ந்திருக்கும் ஓணான்களின் இனமும் பல முறை மாறிவிடுகிறது. பெரும்பாலோர் இதைக் கவனிப்பதில்லை. பச்சையாக இருந்தால் பச்சோந்தி, பழுப்பாக இருந்தால் ஓணான் என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் இந்த உயிரினங்களின் நிறம் வெயில், குளிர், அச்சம், இனப்பெருக்கக் காலம் ஆகியவற்றுக்கேற்ப மாறக்கூடியது. காலையில் கருத்திருந்த ஓணானே உச்சிவேளையில் வெளிறிக் கிடக்கும். ஆகையால் இனம் பிரிக்க விரும்புபவர் மாறாத உறுப்புகளைப் பார்க்க வேண்டும். முதலில் பாதத்தையும், பிறகு காதுப் பகுதியையும், அதன் பின் தோளுக்கு முன்னுள்ள தோலையும் அந்த வரிசையிலேயே பார்த்து வந்தால் பெரும்பாலான ஐயங்கள் தீர்ந்துவிடும்.

பாதத்தைப் பார்த்த உடனேயே பச்சோந்தியா, ஓணானா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஓணானின் ஐந்து விரல்களும் நீண்டு, மெலிந்து, தனித்தனியே விரிந்திருக்கும். பச்சோந்தியின் விரல்களோ இரண்டு கட்டுகளாக ஒட்டிப் பிறந்தவை. முன்காலில் உட்பக்கம் மூன்றும் வெளிப்பக்கம் இரண்டும், பின்காலில் உட்பக்கம் இரண்டும் வெளிப்பக்கம் மூன்றுமாகச் சேர்ந்து, கிளையை இடுக்கியைப் போலக் கவ்விப் பிடிக்கும். கிளை மறைத்துப் பாதம் தெரியாவிட்டால் தலையைப் பார்க்கலாம். பச்சோந்தியின் கண் முழுவதும் செதில் மூடிய கூம்பாகப் புடைத்து, நடுவில் ஒரு சிறு துளை மட்டும் திறந்திருக்கும். இரு கண்களும் தனித்தனியே சுழலும். அதற்கு வெளிக்காதுத் துளை கிடையாது. ஓணானுக்கோ கண்ணுக்குப் பின்னால் வட்டமான செவிப்பறை வெளியே தெரியும். ஓய்வில் இருக்கும் பச்சோந்தி வாலைச் சுருட்டி வைத்துக்கொள்ளும். ஓணானின் வால் நீண்டு தொங்கும்.

இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தி இனம் ஒன்றே ஒன்றுதான். 1768-இல் லாரென்டி என்ற இயற்கையியலாளர் விவரித்த கமீலியோ செய்லானிகஸ் அது. வறண்ட முட்காடுகளே அதற்கு உகந்தவை என்பதால், அதைத் தேட வேண்டிய இடம் மலையடிவாரமே தவிர உதகையின் குளிர்ந்த புல்வெளி அன்று. வளர்ப்பு விலங்காக விற்கப்படும் அயல்நாட்டுப் பச்சோந்திகளின் படங்கள் கைப்பேசிகளில் சுற்றிவருவதால், அவற்றையும் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. ஏமன், சவூதி அரேபியப் பகுதிகளைச் சேர்ந்த கமீலியோ கலிப்ட்ராடஸ் என்ற இனத்துக்கு உச்சந்தலையில் மிக உயரமான முகடு உண்டு. ஆண், பெண் இரண்டிலும் அது இருந்தாலும் வளர்ந்த ஆணில் இன்னும் ஓங்கி நிற்கும். நம் நாட்டு இனத்தின் தலைமுகடு அதைவிடத் தாழ்வானது. ஏமன் இனத்து ஆணின் பின்கால் குதியில் சிறு முள் இருப்பதைப் பலர் தனி அடையாளமாகச் சொல்கிறார்கள்; நம் இனத்து ஆணுக்கும் அது உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுப்பது சரியாகாது. மடகாஸ்கரின் ஃபர்சிஃபர் பர்டாலிஸ் இனத்துக்குத் தலைமுகடு உயர்ந்திராது. ஆணின் முகவாய் முன்னால் இரு பக்கமும் விளிம்பு கட்டி நீண்டிருக்கும். கென்யா, தான்சானியா மலைகளின் ஜாக்சன் பச்சோந்தியில் ஆணின் முகத்தில் மூன்று கொம்புகள் இருப்பதால் அதைப் பிரிக்கத் தனி வழிகாட்டியே தேவையில்லை.

நம் பச்சோந்தி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் பாதுகாக்கப்பட்டது. அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போரும் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன்?

இனி ஓணான்களுக்கு வருவோம். சமவெளியிலும் அடிவாரத்திலும் ஊர்ப்புறங்களிலும் எங்கும் காணப்படும் கரட்டோணான் கலோட்டஸ் வெர்சிகலர். அதன் செவிப்பறைக்கு மேலே, ஒன்றையொன்று தொடாமல் தள்ளி நிற்கும் இரண்டு முட்களைப் பார்க்கலாம். அதே உயரங்களில் மரங்கள் அடர்ந்த பகுதிகளில் வாழும் பச்சை ஓணானான கலோட்டஸ் கலோட்டஸுக்கு அந்த இடத்தில் எட்டு, ஒன்பது முட்கள் வரிசையாக நெருங்கி நிற்கும். இரண்டையும் பிரிக்க இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. பச்சை ஓணானின் உடலில் குறுக்குப் பட்டைகள் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது கருத்திருக்கும் வேளையில் பட்டைகள் மங்கிவிடும். இனப்பெருக்கக் காலத்தில் இரண்டு இனங்களின் ஆண்களுக்கும் தலை சிவப்பதால் சிவப்பும் உதவாது. (கழுத்துச் சிவந்த ஓணான் நம் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று சொல்லிக் கல்லெறியும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது, அது பூச்சி தின்று வாழும் உயிரினம்.)

இந்த இரண்டு இனங்களுக்கும் தோளுக்கு முன்னால் மடிப்புக் கிடையாது. தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய காட்டுத் துண்டுகளில் காணும் ஓணானின் கழுத்தும் முன்காலும் சேரும் இடத்தில், சாய்வான ஒரு தோல்மடிப்பும் அதனுள் மிகச் சிறிய கருஞ்செதில்களும் தெரிந்தால் அது வேறு கூட்டத்தைச் சேர்ந்தது. ஜெர்டான் 1853-இல் நீலகிரியிலிருந்து விவரித்த கலோட்டஸ் நெமோரிகோலா, மேற்குச் சரிவின் ஈரக் காடுகளில் வாழும் பெருஞ்செதில் ஓணானான கலோட்டஸ் கிராண்டிஸ்குவாமிஸ், 2018-இல் கலோட்டஸிலிருந்து தனியே பிரிக்கப்பட்ட மோனிலேசாரஸ் பேரினத்தின் சிற்றோணான்கள் ஆகிய மூன்றிலும் இந்த மடிப்பு உண்டு. மோனிலேசாரஸ் மெலிந்த, சிறிய உடல் கொண்டது. மற்ற இரண்டில், விலாவின் செதில்கள் கண்ணில் படும் அளவுக்குப் பெரியனவாக இருந்தால் கிராண்டிஸ்குவாமிஸ் என்று கொள்ளலாம். ஐயம் இருந்தால் உடலின் நடுப்பகுதியைச் சுற்றியுள்ள செதில் வரிசைகளைப் படத்தைப் பெரிதாக்கி எண்ணிப் பார்ப்பதே முறை.

குன்னூரையும் கோத்தகிரியையும் தாண்டி உயரம் கூடும்போது மலையின் சொந்த ஓணான் வருகிறது. சாலியா ஹார்ஸ்ஃபீல்டி என்ற அந்த இனத்தை, உதகையில் வீட்டு வேலிகளிலும் மஞ்சள் பூப் பூக்கும் கோர்ஸ் முட்புதர்களிலும், வெயில் வந்த பிறகு பொறுமையாக நின்று பார்த்தால் காணலாம். கலோட்டஸைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதன் உடல் முரடாகத் தோன்றும்; ஏனெனில் ஒவ்வொரு செதிலும் பெரியது, ஒன்றன்மேல் ஒன்று ஏறியது, நடுவே கூர்மையான மேடு ஓடுவது. கண்ணுக்குக் கீழிருந்து முன்கால் வரை ஒரு வெண்பட்டை செல்கிறது. தொண்டையில் பை கிடையாது. அங்குள்ள செதில்களும் வயிற்றுச் செதில்களின் அளவுக்குப் பெரியவை. ஆணின் கழுத்தில் ஈட்டிமுனை போன்ற முட்கள் பின்னோக்கிச் சாய்ந்து நிற்கும். அந்த வரிசை நின்று, சிறு இடைவெளிக்குப் பிறகு முதுகில் சற்றுத் தாழ்வான இன்னொரு வரிசை தொடங்கும். பெண்ணில் இரண்டு வரிசைகளும் குறுகியே இருக்கும்.

நீலகிரியில் இதற்கு நெருங்கிய உறவு வேறு இல்லை என்பதால் குழப்பமில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பழனி மலையில் நிலைமை வேறு. அங்கே சாலியா ஹார்ஸ்ஃபீல்டியோடு, பெட்டோம் 1878-இல் விவரித்த சாலியா அனமலயானாவும் பதிவாகியிருக்கிறது. எனவே கொடைக்கானலில் எடுத்த படத்துக்கு ஊரின் பெயரை மட்டும் வைத்து இனம் சொல்லக்கூடாது. வளர்ந்த ஆணின் கழுத்து, முதுகு முள்வரிசைகளும் விலாச் செதில்களும் ஒரே படத்தில் முழுமையாகத் தெரிந்தால் மட்டுமே துணிந்து சொல்லலாம். பெண்ணையும் குஞ்சையும் 'சாலியா' என்ற பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

பாறைமேல் தட்டையாகப் படுத்திருக்கும் ஓணானைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் தலையும் உடலும் தட்டையாக இருந்து, முதுகில் முள்வரிசையும் இல்லாவிட்டால் அது பாறை ஓணானான சம்மோஃபிலஸ்.

படம் எடுப்பவர் மேலிருந்து எடுக்காமல், ஓணானின் கண் மட்டத்துக்கு இறங்கிப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் முதுகின் நிறம்தான் தெரியுமே தவிர, காதோரத்து முட்களும் தோள்மடிப்பும் தெரியா. முதல் படம் தூரத்திலிருந்து முழு உடலுக்கு, அடுத்தது தலையிலிருந்து முன்கால் வரை, இயன்றால் மூன்றாவது பாதத்துக்கு என்று எடுத்துக்கொண்டு, இடத்தையும் உயரத்தையும் உடனே குறித்துவைக்க வேண்டும். நெருங்கும்போது ஓணான் தண்டின் மறுபக்கம் நழுவினால் சுற்றிச் சுற்றித் துரத்தாமல், இரண்டடி பின்வாங்கி அசையாமல் நின்றால் அதுவே தலையை நீட்டிப் பார்க்கும். காதும் தோளும் தெரியும்படி படம் எடுக்க ஏற்ற தருணம் அதுதான்.