அறைத்தோழனிடம் இயேசுவைப் பற்றிப் பேசும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலாம் ஆண்டு முடிகிற சமயம். பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போன என் அறைத்தோழன், குலதெய்வக் கோயிலில் வைத்த சர்க்கரைப் பொங்கலைத் தூக்குவாளியில் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தான். என் முறை வந்தது. "சிலைக்குப் படைச்சதை நாங்க சாப்பிட மாட்டோம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் மூடியை அழுத்தி மூடினான். எட்டு மாதமாக ப்ரேயர் செல்லில் (கிறிஸ்தவ மாணவர்கள் கூடி ஜெபிக்கும் சிறு குழுவில்) அவன் பெயரைச் சொல்லி ஜெபித்து வந்திருந்தேன். அந்த நாளுக்குப் பிறகு அவன் என்னிடம் இயேசுவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

படைத்ததைச் சாப்பிடலாமா என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கொரிந்து சபைக்கே பவுல் இதைப் பற்றி நிறைய எழுத வேண்டியிருந்தது. நான் சாப்பிடாதது தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அம்மா ஆசையா கொடுத்துவிட்டது, மனசு நோகாதே, என் நிலைமை இது" என்று சொல்லியிருக்கலாம். அதைச் செய்யாததுதான் தவறு. மூன்றாம் ஆண்டில்தான் மன்னிப்புக் கேட்டேன்.

கிறிஸ்தவ மாணவர்களான நம்மிடையே 'ஆத்தும ஆதாயம்' என்று ஒரு சொல் புழங்குகிறது; ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். அந்தச் சொல்லோடு பழகினால் நண்பன் கணக்கில் வரவு வைக்கிற தொகையாகிவிடுவான். கேம்புக்கு எத்தனை பேரைக் கூட்டி வந்தாய் என்ற கேள்வியும் அதிலிருந்துதான் வருகிறது. அவன் கடைசிவரை இயேசுவை ஏற்காவிட்டாலும் அவன் தங்கை கல்யாணத்துக்குப் போய்ப் பந்தி பரிமாறுவாயா? தயங்கினால், முதலில் நட்பைச் சரிசெய்.

அடுத்தது நம் மொழி. 1 பேதுரு 3:15 நம்மில் பலருக்கு மனப்பாடம்: "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." பழைய தமிழில் உத்தரவு என்றால் பதில். இன்று அதற்குக் கட்டளை என்று பொருள். கோயிலுக்குப் போகிற வீட்டுப் பையனிடம் 'அபிஷேகம்' என்றால் அவன் மனதில் பாலும் சந்தனமும் வரும். 'இரட்சிக்கப்பட்டாயா' என்றால் எதிலிருந்து என்று கேட்பான். அது நியாயமான கேள்வி. பைபிள் படிக்க அவனைக் கூப்பிட்டால் மாற்கு சுவிசேஷத்தில் ஒரு பகுதியைச் சேர்ந்து வாசியுங்கள். அவன் என்ன பார்க்கிறான் என்று முதலில் கேளுங்கள். சபைச் சொற்களை ஒவ்வொன்றாகச் சாதாரணத் தமிழில் சொல்லிப் பழகினால் நமக்கே பல விஷயம் தெளிவாகும்.

மறைத்துக் கூப்பிடுவதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. பர்சனாலிட்டி டெவலப்மெண்ட் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டு, கடைசி அரை மணி நேரத்தில் கண்ணை மூடச் சொல்லி 'இயேசுவை ஏற்கிறவர்கள் கை உயர்த்துங்கள்' என்பது ஏமாற்று. உண்மையைச் சொல்லப் போகிற நாம் பொய்யில் தொடங்கக் கூடாது. சட்டமும் தெரிந்திருக்கட்டும். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. ஆனால் பரப்புவது என்பது கருத்தை எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மாற்றும் உரிமை அல்ல என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முழுவதும் அரசு நிதியில் நடக்கிற கல்லூரியில் மதபோதனைக்கே இடமில்லை (பிரிவு 28). அரசு உதவி பெறும் கல்லூரியிலும் ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் வழிபாட்டில் உட்கார வைக்க முடியாது. பதினெட்டு ஆகாதவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். முதலாம் ஆண்டில் பலருக்குப் பதினேழுதான்.

வெளியூர்ப் பிரசங்கியாரை அழைத்து ஒரு மாலையில் எல்லாவற்றையும் முடிக்க நினைப்பதும் பலன் தராது. அவர் ராத்திரி பஸ்ஸில் போய்விடுவார். 1954இல் தொடங்கிய யூ.இ.எஸ்.ஐ. என்ற கிறிஸ்தவ மாணவர் அமைப்பு போன்றவை, மாணவரே மாணவருக்குச் சொல்லட்டும் என்பதை வலியுறுத்தி வந்ததற்குக் காரணம் இதுதான்.

அரியர் விழுந்தவனிடம், அப்பாவை இழந்தவனிடம் போகாதே என்று சொல்லமாட்டேன். போ. நோட்ஸ் கொடு, கூட உட்கார், சாப்பிட வை. "ஜெபித்தால் பாஸ் ஆகிடுவே" என்று மட்டும் சொல்லாதே. வேதம் அப்படி ஒரு வாக்குறுதி தரவில்லை. அடுத்த ரிசல்ட்டில் அவன் தோற்றால் அந்த வார்த்தையோடு அவன் நம்பிக்கையும் போகும்.

அப்புறம், ஞானஸ்நானத்தில் அவசரம். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு மாணவன் கிறிஸ்தவனானால், பட்டியல் சாதிகள் பற்றிய 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவனுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. தமிழ்நாட்டில் அவன் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறான். இது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் மேற்படிப்பு, வேலை எல்லாவற்றையும் தொடுகிற இந்த விஷயத்தை முன்கூட்டியே அவனிடம் சொல்ல வேண்டும். செலவைக் கணக்குப் பார்க்காமல் கோபுரம் கட்டத் தொடங்காதே என்றவர் இயேசுதான். சொல்லாமல் விட்டு, கவுன்சலிங் நேரத்தில் அவனுக்குத் தெரியவந்தால் அது நம் தலையில்தான் விழும்.

விசுவாசத்துக்கு வந்தவனை லீவுக்கு அப்படியே ஊருக்கு அனுப்பிவிடுகிறோம். வீட்டில் முதல் தீபாவளி வரும். கங்கா ஸ்நானம், பூஜை, பாட்டி பூசும் திருநீறு. எதை மறுப்பது, எதில் கூட நிற்பது என்று எந்த சீனியரும் அவனோடு உட்கார்ந்து பேசியிருக்கமாட்டார். அவன் கல்லூரிக் கூட்டத்தில் கேட்டதை அம்மாவிடம் அப்படியே கத்துவான். செமஸ்டர் முடிவதற்கு ஒரு வாரம் முன்பே அவனோடு பேசிவிடுங்கள். அம்மாவோடு அடுப்படியில் நின்று முறுக்குப் பிழியலாம், தம்பிக்குப் பட்டாசு வாங்கிக் கொடுக்கலாம், பாட்டி காலைப் பிடித்துவிடலாம். பூஜை நேரத்தில் ஏன் தள்ளி நிற்கிறான் என்பதை அப்பாவிடம் முந்தின நாளே மெதுவாகச் சொல்லலாம்.