ஜப்பானுக்கு வெளியே இருந்து ஜப்பானிய மொழி கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானில் குடியிருப்பவர் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால், எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்தே திருத்திக்கொள்வார். வெளியே இருந்து படிப்பவருக்கு அந்த வசதி இல்லை. முதல் மாதத்தில் வாயில் படிந்த தவறு மூன்றாம் வருடமும் அப்படியே இருக்கும். யாரும் சொல்லாததால் அது தவறு என்றே தெரிந்திருக்காது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கையில் கிடைக்கும் பாடநூல்களும் செயலிகளும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுபவரை மனதில் வைத்துச் செய்தவை. அவருக்குக் கடினமானதெல்லாம் நமக்கும் கடினம் என்று நம்பி மாதக்கணக்கில் உழைக்கிறோம். தமிழரை மட்டும் வழுக்கிவிடும் இடங்களை அந்த நூல்கள் தொடுவதே இல்லை.

ரோமன் எழுத்திலேயே தங்கிவிடுவது

ஜப்பானியத்துக்கு ஹிரகானா, கதகானா என்று இரண்டு ஒலியெழுத்து வரிசைகள் உண்டு. ஹிரகானாவில் அடிப்படை எழுத்துகள் 46, கதகானாவிலும் 46. தினமும் அரை மணி நேரம் எழுதிப் பழகினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் தாராளம். அதற்குப் பிறகும் ரோமன் எழுத்துப் பாடத்தைக் கையில் வைத்திருந்தால் காது கெட்டுவிடும். ரோமன் எழுத்தில் நெடிலைப் பல இடங்களில் காட்டுவதே இல்லை. 'தோக்யோ' என்ற நகரின் பெயரில் இரண்டு ஓகாரமும் நெடில். 'ஓசக'வில் முதல் எழுத்து மட்டும் நெடில், மற்ற இரண்டும் குறில். நாமோ அதைத் தலைகீழாக்கி 'ஒசாகா' என்கிறோம்.

இதில் வருத்தம் என்னவென்றால், எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் ஒற்று இரட்டிப்பதும் தமிழ்க் காதுக்குப் பிறவியிலேயே பழக்கம். மாத்திரைக் கணக்கும் பள்ளியிலேயே படித்ததுதான். ஜப்பானிய மொழியும் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்றே எண்ணுகிறது. ஒரே வேறுபாடு, அங்கே அரை மாத்திரை கிடையாது. தனித்து நிற்கும் 'ன்' எழுத்துக்கும், இரட்டிக்கும் ஒற்றைக் காட்டும் சின்ன 'த்ஸு'வுக்கும் முழுசாக ஒரு மாத்திரை. 'நிப்பொன்' என்பது நி-ப்-பொ-ன், நான்கு தட்டு. 'தொயொத' என்ற கார் நிறுவனத்தின் பெயர் மூன்றே தட்டு, எல்லாம் குறில். 'டொயோட்டா' என்று நாம் அதை ஐந்தரை மாத்திரைக்கு இழுத்துவிட்டோம்.

மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இந்தச் சொற்களைச் சொல்லிப் பாருங்கள்: 'ஒபஸன்' (அத்தை, சித்தி வயதுப் பெண்மணி) நான்கு தட்டு, 'ஒபாஸன்' (பாட்டி) ஐந்து. 'கிதெ' (வந்து) இரண்டு, 'கித்தெ' (தபால்தலை) மூன்று, 'கீதெ' (கேட்டு) அதுவும் மூன்று. தட்டு பிசகினால் பொருள் மாறிவிடும். எழுதும்போதும் இதே தொல்லைதான். கணினியில் ஒரு நெடிலை விட்டுவிட்டுத் தட்டினால் நீங்கள் தேடும் கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்து) பட்டியலிலேயே வராது.

குறிப்பேட்டில் தமிழ் எழுத்து

ரோமன் வேண்டாம் என்றதும் பலர் தமிழில் எழுதிப் படிக்கத் தொடங்குவார்கள். அது இன்னும் மோசம். வானிலைக்கு ஒரு சொல், மின்சாரத்துக்கு ஒரு சொல். தமிழில் இரண்டையும் 'தென்கி' என்றுதான் எழுத முடியும். முதலாவதில் 'தண்ணீர்' என்பதன் வல்லொலித் தகரம், இரண்டாவதில் 'பந்து' என்பதில் வருகிற மெல்லிய தகரம். சீமைப் பனிச்சைப் பழமும் சாவியும் 'ககி' என்ற ஒரே எழுத்துக்கோவையில் அடங்கிவிடும். தமிழில் இடத்தைப் பொறுத்து க, த, ப ஒலி தானாக மாறும். ஜப்பானியத்தில் அந்த மாற்றமே வேறு சொல். ஹிரகானாவில் எழுத்தின் மேல் இடும் இரண்டு சிறு கோடுகள் இதற்காகவே இருக்கின்றன. சொல்லின் நடுவில் வரும் வல்லொலியை மெலிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதைத்தான் முதல் மாதத்திலேயே கவனித்துத் திருத்த வேண்டும். (இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் எல்லாமே தமிழ் எழுத்தில் இருக்கிறது. எந்தச் சொல்லையும் இதைப் பார்த்து மனப்பாடம் செய்யாதீர்கள், ஒலிப்பதிவைக் கேளுங்கள்.)

சொல்லின் கடைசியில் வரும் உகரம் மட்டும் நமக்குச் சாதகம். 'தெஸு', 'மஸு' என்று எழுதினாலும் சொல்லும்போது 'தெஸ்', 'மஸ்' என்றே கேட்கும். இதழ் குவியாத நம் குற்றியலுகரம் அதற்கு மிக அருகில் நிற்கிறது. 'ஷின்புன்' (செய்தித்தாள்) வாயில் 'ஷிம்புன்' ஆவதும் நமக்குத் தானாக வரும். ஆனால் 'ன்' எழுத்தை அடுத்து உயிர் வந்தால் எச்சரிக்கை. மெய்யின்மேல் உயிர் ஏறுவது தமிழில் இயல்பு, இங்கே ஏறக் கூடாது. 'கின்-என்' என்று பிரித்துச் சொன்னால் புகைபிடிக்கத் தடை. சேர்த்து 'கினென்' என்றால் நினைவு கொண்டாடுதல்.

ஒலி ஏற்ற இறக்கம் தமிழுக்குப் புதிது. தோக்யோ வழக்கில் 'அமெ' என்பதன் முதல் தட்டு உயர்ந்து அடுத்தது தாழ்ந்தால் மழை. தாழ்ந்து உயர்ந்தால் மிட்டாய். எல்லாச் சொல்லுக்கும் இதை அட்டவணை போட்டு உருப்போடத் தேவையில்லை. புதிய சொல்லை ஒலி இல்லாமல் கற்காமல் இருந்தாலே போதும்.

கதகானாவை அரைகுறையாக விடுவது

ஹிரகானாவை முடித்த களைப்பில் கதகானாவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். பிறகு 'ஷி'யும் 'த்ஸு'வும் ஒன்றுபோலத் தெரிகிறது என்ற புலம்பல். எழுதும் திசையைப் பார்த்தால் குழப்பம் தீரும். 'ஷி'யில் இரண்டு சிறு கோடுகளும் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும், நீளக் கோடு கீழிருந்து மேலே ஏறும். 'த்ஸு'வில் சிறு கோடுகள் மேலே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், நீளக் கோடு மேலிருந்து கீழே இறங்கும். 'ன்', 'ஸொ' இரண்டுக்கும் இதே விதி, சிறு கோடு மட்டும் ஒன்றுதான். பார்த்து மட்டும் படித்தவருக்கு இது வருடக்கணக்கில் குழம்பும். கையால் ஐம்பது முறை எழுதியவருக்கு ஒரே நாளில் தெளியும்.

தமிழ் தருவதை வாங்கிக்கொள்ளாமல் இருப்பது

வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வருவது, பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்பது ஆகியவற்றை ஆங்கிலவழி நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும். 'வதஷி க யொந்த ஹொன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் 'நான் படித்த புத்தகம்'. அவ்வளவுதான், அடுத்த பாடத்துக்குப் போகலாம். 'தெ' வடிவம் என்று நூல்கள் பயமுறுத்துவது நம் வினையெச்சமே. 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'யொந்தெ ஒகு' என்றால் படித்து வை. 'தபெதெ ஷிமவு' என்றால் சாப்பிட்டுவிடு. பார், வை, விடு என்ற துணைவினைகள் செய்யும் வேலைகூட ஏறத்தாழ ஒன்றே.

'தெ இரு' வடிவத்தை 'கொண்டிரு' என்று மட்டும் படித்தவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். 'தபெதெ இரு' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், சரி. 'இத்தெ இரு' என்றால் போய்க்கொண்டிருக்கிறார் அல்ல, போயிருக்கிறார், அதாவது போய் அங்கேதான் இருக்கிறார். 'கெக்கொன் ஷிதெ இரு' என்றால் கல்யாணம் ஆகியிருக்கிறது. நிலை மாறுவதைக் குறிக்கும் வினைகளில் எல்லாம் 'இருக்கிறார்' வடிவத்தை நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இந்த ஒற்றுமைகளைப் பார்த்துவிட்டு, இரண்டு மொழியும் ஒரே குடும்பம் என்று சொற்பட்டியல் தேடிக் கிளம்ப வேண்டாம். ஸுஸுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் முன்வைத்த அந்தக் கொள்கையைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. வாக்கிய அமைப்பு உதவும். சொல் ஒற்றுமை உதவாது.

தமிழே வழுக்கிவிடும் இடங்கள்

'நூலகத்தில் இருக்கிறேன்', 'நூலகத்தில் படிக்கிறேன்' இரண்டுக்கும் நமக்கு ஒரே 'இல்'. ஜப்பானியத்தில் இருப்பதற்கு 'நி', செயல் நடப்பதற்கு 'தெ'. ஆகவே 'தொஷொகன் நி இமஸ்', ஆனால் 'தொஷொகன் தெ பென்க்யோ ஷிமஸ்'. வசிப்பது செயல்தானே என்று 'தெ' போடுவார்கள். அங்கே 'நி'தான் வரும்.

'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குத் தெரியும்' என்ற பழக்கத்தில் 'எனக்கு' என்பதற்கு 'வதஷி நி' போடுவது தமிழருக்கே உரிய தவறு. சரியானது 'வதஷி வ'; பிடித்த பொருளுக்குப் பின்னால் 'க' வரும். 'இருக்கிறது' என்ற ஒரே சொல்லை மனிதருக்கும் மேசைக்கும் சொல்லும் நாம், உயிருள்ளதற்கு 'இரு', உயிரற்றதற்கு 'அரு' என்று பிரிக்க மறந்துவிடுகிறோம்.

கொடுப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குவது. நான் பிறருக்குக் கொடுத்தால் 'அகெரு', பிறர் எனக்குத் தந்தால் 'குரெரு'. தன்மை முன்னிலைக்குத் 'தருதல்', படர்க்கைக்குக் 'கொடுத்தல்' என்று பழந்தமிழ் இலக்கணமும் பிரித்தது. நம் பேச்சில் அது மங்கிவிட்டது. 'எனக்கு' என்று வருமிடத்தில் 'அகெரு' போட்டால் கேட்பவருக்கு யார் யாருக்குக் கொடுத்தார் என்றே புரியாது.

'நீங்கள்' என்றால் 'அனத' என்று அகராதி சொல்லும். நேரில் பேசும்போது அதைச் சொல்லாதீர்கள், விறைப்பாகவோ முரட்டுத்தனமாகவோ ஒலிக்கும். பெயரோடு 'ஸன்' என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்துச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். உங்கள் பெயருக்கு நீங்களே 'ஸன்' போடக் கூடாது. பிறரிடம் உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல 'ஹஹ', அவருடைய அம்மாவுக்கு 'ஒகாஸன்'. அனிமே (ஜப்பானிய அசைபடம்) பார்த்துக் கற்றவர்கள் 'ஒரெ' (நான்), 'ஒமயெ' (நீ) என்ற முரட்டுச் சொற்களில் தொடங்குவது வேறொரு வேடிக்கை. கேட்கப் பழக அனிமே நல்லது, அதில் வருவதுபோல் அலுவலகத்தில் பேசினால் வேலைக்கு ஆகாது.

பெரிய எண்களுக்கு ஆங்கில வழியில் போகாதீர்கள். அலகு 'மன்', அதாவது பத்தாயிரம். லட்சம் 10 மன், பத்து லட்சம் 100 மன், கோடி 1000 மன், பத்துக் கோடி 1 'ஒகு'. லட்சத்திலிருந்து நேரே மாற்றுவது ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதைவிடச் சுலபம்.

கான்ஜியைத் தனித்தனியாக உருப்போடுவது

அன்றாடப் பயன்பாட்டுக்கான அரசுப் பட்டியலில் 2136 கான்ஜி இருக்கின்றன. ஜப்பானியக் குழந்தைகள் தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1026 கற்கிறார்கள். இந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றின் எல்லா ஒலிப்பையும் மனப்பாடம் செய்யப் புறப்படுபவர்கள் நூறைத் தாண்டுவதில்லை. 'பிறப்பு, வாழ்வு' என்ற பொருளுள்ள ஐந்து கோட்டுக் கான்ஜியை எடுத்துக்கொள்வோம். ஆசிரியரைக் குறிக்கும் 'ஸென்ஸே'யில் அது 'ஸே'. பிறந்தநாளைக் குறிக்கும் 'தன்ஜோபி'யில் 'ஜோ'. வாழ்தலில் 'இ', பிறத்தலில் 'உ', பச்சையாக உண்பது என்னும்போது 'நம'. பட்டியலாகப் படித்தால் எது எங்கே என்று தெரியாது. இந்த ஐந்து சொற்களையும் சொற்களாகவே படித்தால் ஒலிப்பு தானாகப் படியும்.

முதல் 200, 300 எழுத்துகளைக் கோட்டு வரிசை தவறாமல் கையால் எழுதுங்கள். எழுத்தின் உறுப்புகள் கண்ணுக்குப் பழகும், தெரியாத எழுத்தைத் திரையில் வரைந்து தேடவும் முடியும். அதற்கு மேல் எல்லாவற்றையும் கையால் எழுதுவது, தட்டச்சு செய்யும் காலத்தில் நேர விரயம் என்பதே எங்கள் கருத்து.

நேரத்தையும் தேர்வையும் தப்பாகக் கணக்கிடுவது

ஆங்கிலம் பேசும் தூதரக அலுவலர்களுக்கு இந்த மொழிக்குச் சுமார் 2200 வகுப்பு நேரம் தேவை என்று அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிலையம் கணக்கிடுகிறது. தமிழருக்கு இலக்கணத்தில் கொஞ்சம் மிச்சமாகும், கான்ஜியில் ஒன்றும் மிச்சமாகாது. தினமும் அரை மணி நேரம் படித்தால் 2200 மணி நேரத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு. ஆறு மாதத்தில் சரளமாகப் பேசலாம் என்ற விளம்பரத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மறதியைக் கணக்கிட்டு அட்டைகளைத் திரும்பக் காட்டும் 'ஆங்கி' போன்ற செயலிகளில் ஆர்வக் கோளாறு ஆபத்து. அதன் இயல்பான அமைப்பு நாளுக்கு 20 புதிய அட்டை. சில வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டியவை தினமும் நூற்றைத் தாண்டிவிடும். இரண்டு நாள் விட்டால் மலைபோலக் குவியும், பலர் அங்கேதான் படிப்பையே கைவிடுகிறார்கள். எட்டு அல்லது பத்தில் தொடங்குங்கள். அட்டையில் தனிச்சொல்லுக்குப் பதில் சிறு வாக்கியமும் ஒலியும் இருக்கட்டும்.

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், எளிதான என்5 முதல் கடினமான என்1 வரை ஐந்து நிலைகள். எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. அதனால்தான் என்3 சான்றிதழ் வைத்திருப்பவர் ஒரு தொலைபேசி அழைப்புக்குத் திணறுகிறார். மொத்த மதிப்பெண் மட்டும் போதாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. என்5இல் 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் கேட்டல் பகுதியில் 60க்கு 19 எடுக்காவிட்டால் மொத்தம் 130 வந்தாலும் தோல்விதான். வெளிநாட்டில் படிப்பவரின் பலவீனமும் அதே கேட்டல்தான்.

அதற்கு வழி, நாள் முழுக்கப் பின்னணியில் ஓடவிடுவது அல்ல. இரண்டு நிமிட உரையாடல் ஒன்றை எடுத்து, எழுத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள். பிறகு எழுத்தோடு ஒப்பிட்டு, காது தவறவிட்ட இடங்களைக் குறியுங்கள். அடுத்து பேச்சாளருக்கு அரை நொடி பின்னால் நீங்களும் சொல்லி, கைபேசியில் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இணையவழி ஆசிரியருடன் அரை மணி நேரம் கிடைத்தால், இலக்கணத்தை விளக்கச் சொல்லாமல் இந்தப் பதிவைக் காட்டித் தட்டுப் பிசகிய இடங்களைத் திருத்தச் சொல்லுங்கள். இலக்கணத்தை நீங்களே படித்துக்கொள்ளலாம், உங்கள் உச்சரிப்பை உங்கள் காது பிடிக்காது.