லண்டனில் அக்காவுக்குக் கேரர் காசு, கல்லடியில் அப்பாவின் வளவு: பங்கைக் கணக்குக் காட்டுவது எப்படி

அப்பா இறந்து முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்து, பந்தல்காரர் தகரம் கழற்றிக்கொண்டிருக்கும்போது லண்டனில் இருந்து அக்கா வட்ஸ்அப்பில் எடுத்தார். "தம்பி, அப்பாட வளவில எனக்கும் பங்கு இருக்கா? இருந்தா என்ட காசை வெட்டுவாங்களா?"

அக்காவின் மூத்த மகனுக்கு வலிப்பும் ஓட்டிசமும் இருக்கின்றன. அவனைப் பார்ப்பதற்காக வேலையை விட்டவர் அவர். கேரர்ஸ் அலவன்ஸ் (ஒருவரைப் பராமரிக்கிறவருக்கு இங்கிலாந்து அரசாங்கம் தரும் காசு), யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்த வீடுகளுக்கான அரச உதவிப்பணம்), அத்தானின் பகுதிநேரச் சம்பளம், இவ்வளவுதான் வீட்டு வருமானம். பக்கத்தில் கதிரையில் இருந்த சித்தப்பா கேள்வி முடியமுதலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பங்கைத் தம்பிக்கு எழுதிக் குடுக்கச் சொல்லு, கதை முடிஞ்சுது."

கதை தொடங்குவதே அங்கேதான். இங்கே மட்டக்களப்பில் இருந்து வெளிநாட்டுச் சகோதரங்களுக்கு இதே யோசனையைச் சொல்கிற வீடுகள் நிறைய இருப்பதால், நாங்கள் செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். இங்கிலாந்து விதிகளும் எங்கள் காணிச் சட்டமும் இரண்டுமே இதில் வரும், பொறுமையாகப் படியுங்கள்.

படி 1: எந்தக் காசு என்று முதலில் பிரியுங்கள்

கேரர்ஸ் அலவன்ஸுக்குச் சொத்துக் கணக்கே கிடையாது. கிழமைக்கு 35 மணித்தியாலமாவது பராமரிக்க வேண்டும், பராமரிக்கப்படுகிறவருக்கு உரிய மாற்றுத்திறனாளி உதவிப்பணம் கிடைக்க வேண்டும், உங்கள் உழைப்பு வருமானம் எல்லைக்குள் இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் அந்த எல்லை கிழமைக்கு 196 பவுண், அலவன்ஸ் 83.30 பவுண். மட்டக்களப்பில் பத்து வளவு இருந்தாலும் இந்தக் காசு குறையாது.

யுனிவர்சல் கிரெடிட் அப்படியில்லை. மூலதனம், அதாவது சேமிப்பும் சொத்தும் சேர்ந்து, 6,000 பவுணுக்கு மேலே போனால், மேலதிகமான ஒவ்வொரு 250 பவுணுக்கும், மிச்சமாக நிற்கிற துண்டுக்கும் சேர்த்து, மாதம் 4.35 பவுண் வெட்டுவார்கள். 16,000ஐத் தாண்டினால் முழுவதும் நின்றுவிடும், அதற்குள் இருக்கிற பராமரிப்பாளர் தொகையும் சேர்ந்தே போகும். கணவன் மனைவி சேர்ந்து எடுக்கிறார்கள் என்றால் இருவரின் சேமிப்பையும் கூட்டிப் பார்ப்பார்கள், எல்லை மட்டும் இரட்டிக்காது.

ஆகவே பயப்பட வேண்டியது இரண்டாவதற்கு மட்டும்.

படி 2: காணி உறுதியைத் தேடி எடுத்து, பெயரைப் பாருங்கள்

எங்கள் வீட்டில் உறுதி ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. ஊசி துருப்பிடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து, "வடக்கே ஒழுங்கை, கிழக்கே" என்று தொடங்கி யாரோ ஒருவரின் வளவு, அந்த ஆளின் பெயர் இருந்த இடத்தை மட்டும் கரப்பான் தின்றிருந்தது. நாங்கள் எல்லையை வாசித்துக்கொண்டிருக்க, அம்மா சொன்னார்: "எல்லையை விடு, ஆர்ட பேரில எண்டு பார்."

அம்மா சொன்னதுதான் சரி. எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். வீடு அம்மாவின் சீதனமாக அம்மாவின் பெயரிலேயே இருந்தால், அப்பா இறந்ததால் பிள்ளைகளுக்கு அதில் எதுவும் வராது. அக்காவின் பங்கு பூச்சியம், வேலை முடிந்தது. எங்கள் கல்லடி வளவு அப்பா தானே வாங்கியது, அதனால் தொடர வேண்டியிருந்தது.

வயலை வேறாகப் பாருங்கள். வவுணதீவுப் பக்கம் அப்பாவுக்கு இருந்தது பெர்மிட் காணி, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்தது. அது உறுதிக் காணிபோல் பிள்ளைகளுக்குள் துண்டுபடாது. முதலில் துணைவருக்கு, பிறகு பெயர் குறிப்பிட்ட பின்னுரித்தாளிக்கு என்று போகும். அப்பா தம்பியின் பெயரைப் பதிந்திருந்தார். அக்காவுக்கு அதில் ஒரு வரம்புகூட இல்லை, அதைக் காட்டுகிற கடதாசி பிரதேச செயலகக் காணிப் பகுதியில் இருக்கிறது, பிரதி எடுத்து வையுங்கள்.

படி 3: பங்கு எவ்வளவு?

பலர் தடுமாறுகிற இடம் இது. அப்பா உயில் எழுதவில்லை. மட்டக்களப்புத் தமிழருக்குத் தேசவழமை இல்லை, அது யாழ்ப்பாணத்தாருக்கு. எங்களுக்கு முக்குவர் சட்டம் என்று ஒன்று ஒருகாலத்தில் இருந்தது, இப்போது பொதுச் சட்டம்தான், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன்படி அரைவாசி அம்மாவுக்கு, மற்ற அரைவாசி பிள்ளைகளுக்குச் சமமாக. நாங்கள் நான்கு பேர், ஆகவே அக்காவுக்கு எட்டில் ஒன்று. (கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931ஆம் ஆண்டின் சட்டம், பங்குக் கணக்கே வேறு.)

இங்கிலாந்து அலுவலகத்துக்கு இது தானாகத் தெரியாது. அவர்களின் விதி, ஒரு சொத்தைப் பலர் சேர்ந்து வைத்திருந்தால், வேறு ஆதாரம் இல்லாதவரை எல்லாருக்கும் சம பங்கு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அம்மாவும் நான்கு பிள்ளைகளும் என்றால் ஐந்தில் ஒன்று. ஆதாரம் கொடுக்காமல் விட்டால் அக்கா வைத்திராத பங்குக்கும் கணக்குப் போடுவார்கள்.

"இன்னும் உறுதி எழுதவில்லையே, அப்போ பங்கே இல்லைத்தானே" என்று அத்தான் கேட்டார். இல்லை, உயில் இல்லாத சொத்தில் வாரிசின் உரிமை இறந்த திகதியிலேயே வந்துவிடும். அக்கா பிரித்தானியப் பிரஜை ஆகிவிட்டார் என்பதாலும் அது போகாது.

எடுக்க வேண்டியவை: அப்பாவின் மரணச் சான்றிதழ், பெற்றோரின் விவாகச் சான்றிதழ், பிள்ளைகள் எல்லாரின் பிறப்புச் சான்றிதழ், காணிப் பதிவகத்தில் தேடி எடுத்த பதிவுப் பிரதி, பங்கை விளக்கி நொத்தாரிசு எழுதிய கடிதம். தமிழில் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுங்கள். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளை எழுதினது எடுபடாது.

படி 4: வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்?

உண்மையில் எங்களைக் காப்பாற்றியது இதுதான். யுனிவர்சல் கிரெடிட் விதியில், நெருங்கிய உறவினர் ஒருவர் தன் வீடாகக் குடியிருக்கிற இடம், அவர் பென்ஷன் கிரெடிட் (முதியோருக்கான உதவிப்பணம்) எடுக்கிற வயதை எட்டியவராக அல்லது வேலை செய்யும் திறன் குறைந்தவராக இருந்தால், மூலதனக் கணக்கில் சேராது. நெருங்கிய உறவினர் என்றால் பெற்றோர், மாமனார் மாமியார், பிள்ளைகள், சகோதரங்கள்.

அம்மாவுக்கு 74. அவரின் பழைய அடையாள அட்டையின் முதல் இரண்டு எண்ணே பிறந்த வருஷத்தைச் சொல்கிறது, கூடவே பிறப்புச் சான்றிதழும், இந்த வீட்டில்தான் குடியிருக்கிறார் என்ற கிராம உத்தியோகத்தரின் (ஜி.எஸ்.) கடிதமும் அனுப்பினோம். எங்கள் ஜி.எஸ். "வசிக்கிறார்" என்று மட்டும் எழுதித் தந்தார், எத்தனை வருஷமாக, யாருடைய வீட்டில் என்று இல்லை, அதற்காகத் திரும்பப் போனேன். முதல் தடவையிலேயே கேட்டு எழுதுவியுங்கள்.

இதே வீட்டில் அம்மா இல்லாமல் 40 வயதுத் தம்பி மட்டும் சுகதேகியாக இருந்திருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. அம்மா பிறகு நிரந்தரமாக வேறு வீட்டுக்குப் போனாலும் முடிந்துவிடும், அப்போது திரும்ப அறிவிக்க வேண்டும்.

படி 5: சலுகை இல்லாதவர்கள் பெறுமதியைப் போடுங்கள்

ஒரு கணக்கு, வசதிக்காக ஒரு பவுண் 400 ரூபா என்று வைப்போம். வீடும் வளவும் 1 கோடியே 60 லட்சம் பெறுமதி. எட்டில் ஒன்று 20 லட்சம், விற்கிற செலவுக்கு 10 வீதம் கழிக்க 18 லட்சம், அதாவது 4,500 பவுண். வங்கியில் 1,000 இருந்தாலும் 5,500தான், வெட்டு இல்லை. ஐந்தில் ஒன்று என்று எடுத்தால் 32 லட்சம், கழிவு போக 28 லட்சத்து 80 ஆயிரம், 7,200 பவுண். சேமிப்போடு 8,200, மாதம் 39.15 பவுண் வெட்டு. படி 3ஐ நான் இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இந்த 39.15தான்.

இன்னொன்று. பார்க்க வேண்டியது பங்கின் சந்தை விலை. மற்றவர்கள் குடியிருக்கிற, பிரிபடாத எட்டிலொரு பங்கை வெளியாள் முழு விலைக்கு வாங்குவானா? மாட்டான். மதிப்பீட்டாளரிடம் "வளவு எவ்வளவு" என்று கேட்காமல், "இந்தப் பிரிபடாத பங்கு இப்போது எவ்வளவுக்குப் போகும்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வங்கிக் கடனுக்கு எழுதுவதுபோல் தூக்கி எழுதினால் அது அக்காவின் தலையில்தான் விழும். விற்கவே முடிவெடுத்துவிட்டால், நியாயமான முயற்சி நடக்கிற 6 மாதத்துக்கு அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், தேவையென்றால் இன்னும் நீட்டலாம்.

படி 6: சித்தப்பாவின் யோசனை

உதவிப்பணத்தைக் காப்பாற்றுவதற்காகப் பங்கை எழுதிக் கொடுத்தால், அது இன்னும் கையில் இருப்பதாகவே கணக்கிடுவார்கள். பங்கும் போய், காசும் போன நிலை. ஒரே சொத்தில் இரண்டு நட்டம் என்பதைச் சித்தப்பாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு இரண்டு பிளேன்ரீ எடுத்தது. தங்கைக்குச் சீதனமாக முன்பே பேசின வீடு என்பது போன்ற வேறு உண்மையான காரணம் இருந்தால் கதை வேறு, ஆனால் உறுதி எழுதுமுன் லண்டனில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் இலவசமாகக் கேட்டுவிடுங்கள்.

படி 7: ஜேர்னலில் போடுங்கள்

கணக்கில் வராது என்று தெரிந்தாலும், யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் செய்தி எழுதுகிற பக்கமான ஜேர்னலில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விட்டால் கூடுதலாக எடுத்ததைத் திரும்ப அறவிடுவார்கள், மேலே 50 பவுண் தண்டமும் வரலாம். முடிவு பிழை என்று பட்டால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்.

அக்கா நீட்டி எழுதவில்லை. அப்பா இறந்த திகதி, இலங்கையில் ஒரு வீட்டில் எட்டில் ஒரு பங்கு சட்டப்படி வந்திருக்கிறது, அதில் 74 வயது அம்மா குடியிருக்கிறார், பத்திரங்கள் இணைக்கப்பட்டுள்ளன. நான்கே வரி. அனுப்பின திரையைப் படம் பிடித்து எனக்கும் போட்டார், நான் அதை அச்செடுத்து உறுதியோடு சேர்த்து அதே பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன், இந்தமுறை கரப்பான் உருண்டையும் போட்டு.