கார்க் காட்டைக் காக்கப் போய்க் கெடுக்கும் வழிகள்

போர்ச்சுகலின் அலென்டெஜோவிலும் ஸ்பெயினின் ஆண்டலூசியாவிலும் கார்க் ஓக் (பட்டையிலிருந்து பாட்டில் மூடி செய்யப்படும் மரம்) காடுகளுக்காக உழைக்கும் பாதுகாப்புக் குழுக்களுக்கு ஆள்பலத்துக்குக் குறைவில்லை. ஆனால் நல்ல எண்ணத்தோடு செய்யும் சில வேலைகளே காட்டைக் கெடுத்துவிடுகின்றன.

'மரத்தைக் காப்போம், கார்க் மூடியைத் தவிர்ப்போம்' என்ற பிரசாரம் அவற்றில் ஒன்று. கார்க்குக்காக யாரும் மரத்தை வெட்டுவதில்லை, பட்டையை மட்டுமே உரிக்கிறார்கள். போர்ச்சுகல் சட்டப்படி, தரையிலிருந்து 1.30 மீட்டர் உயரத்தில் சுற்றளவு 70 செ.மீ. ஆன பிறகுதான் முதல் உரிப்பு. அதன்பின் குறைந்தது 9 ஆண்டு இடைவெளி விட வேண்டும். பாட்டில் மூடிக்கு ஏற்ற பட்டை மூன்றாம் உரிப்பில்தான் கிடைக்கும். இவ்வளவு காலம் காத்திருந்த நில உரிமையாளருக்கு அந்த வருமானமும் நின்றால் காட்டைக் கவனிப்பதையே விட்டுவிடுவார். புதர் மண்டும், பிறகு தீ வரும்.

அதற்காகப் புதரையெல்லாம் வழித்தெடுப்பதும் சரியல்ல. வட்டுக் கலப்பை ஓட்டினால் தரை சுத்தமாகத் தெரியும், ஆனால் மேல்மண்ணில் பரவிய வேர்கள் அறுபடும், தானாக முளைத்த கன்றுகளும் போய்விடும். தரைக்கு மேலே புதர்வெட்டும் கருவியால் வரிவரியாக வெட்டி, நடுநடுவே புதர்த் திட்டுகளை விடுங்கள். முயலுக்கு மறைவிடம் அந்தத் திட்டுகள்தான். ஐபீரிய லின்க்ஸ் பூனைக்கு முயல்தான் முக்கிய இரை. 2001-இல் 62 ஆக இருந்த அதன் முதிர்ந்த விலங்குகள் 2022-இல் 648 ஆயின. லின்க்ஸை மட்டும் கொண்டுவந்து விட்டு முயலை மறந்தால் திட்டம் நிற்காது.

விதைப்பில்தான் உழைப்பு அதிகம் வீணாகிறது. ஓக் விதை காய்ந்தால் செத்துவிடும். இலையுதிர்காலத்தில் பொறுக்கியதைச் சாக்கில் கட்டி மாதக்கணக்கில் வைத்தால் முளைக்காது. தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றை எறிந்துவிட்டு, மழை தொடங்கியதும் ஊன்றுங்கள். குழிக்கு 2 அல்லது 3 விதை, படுக்கைவாட்டில், சுமார் 5 செ.மீ. ஆழம். மேலாக விட்டால் எலியும் காட்டுப்பன்றியும் தின்றுவிடும். வெட்டவெளியில் கன்று முதல் கோடையைத் தாண்டுவது கடினம், அதனால் புதரின் நிழலோரம் பார்த்து ஊன்றுங்கள். (புதரை விட்டுவைக்க இது இன்னொரு காரணம்.) செம்மறியாடு மேயும் இடத்தில் கன்றைச் சுற்றி 1.20 மீட்டர் குழாய்க் கூண்டு போதும். மாட்டுக்கு அது போதாது, வேலி வேண்டும்.

பலர் கவனிக்காதது காலணிச் சேறு. வேரை அழுகச் செய்யும் ஃபைட்டோஃப்தோரா சின்னமோமி என்ற நுண்ணுயிரி ஈரமண்ணோடு பயணிக்கும். காய்ந்த மரங்கள் உள்ள பகுதிக்கு அன்றைய வேலையில் கடைசியாகப் போங்கள். வெளியேறும்போது முதலில் சேற்றைத் தேய்த்து அகற்றி, பிறகு 70% ஆல்கஹால் தெளியுங்கள். சேற்றின் மேலேயே தெளித்தால் மருந்து உள்ளே போகாது.

தண்டில் பெயின்ட்டில் இருக்கும் ஒற்றை இலக்கம் உரித்த ஆண்டின் கடைசி எண். 4 என்றால் 2024. அண்மையில் உரித்த மரத்துக்குத் தீயைத் தாங்கும் கவசம் இல்லை, அதைச் சுற்றித்தான் முதலில் புதரைக் குறைக்க வேண்டும். கூடு கட்டும் கழுகுகளின் அருகே மட்டும் குஞ்சுகள் பறக்கும்வரை இந்த வேலையைத் தள்ளிவையுங்கள்.

எரிந்து கறுத்த மரத்தை உடனே வெட்டச் சொல்லாதீர்கள். கார்க் ஓக் மேல்கிளைகளிலிருந்தே மீண்டும் துளிர்க்கக்கூடியது. அடுத்த வசந்தம்வரை பொறுத்து, துளிர் வந்ததா என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள். பிழைத்தாலும் சில ஆண்டுகள் பட்டை உரிக்கக் கூடாது.